திருகாணியில் நாலு சிவப்புப் பொட்டு

போன கிழமை ரமணன் ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கொம்பனியில் இப்போது இருப்பவன். இங்கே ரொறன்ரோவில் பிறந்தவன், நாற்பதை எட்டப்போகிறான். படத்தில் ஒரு பழைய எரிவாயு அடுப்பின் உட்புறம். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும். நடுவில் மிளகளவு ஒரு பித்தளைத் திருகாணி. அதைச் சுற்றி மங்கிய சிவப்பில் நாலு பொட்டு. படம் வந்த கையோடு அவனே தொலைபேசியிலும் வந்தான்.

"அங்கிள், இந்த அடுப்பைக் கழட்டி எறியப்போறம். அந்தக் காலத்திலை உங்கடை ஆக்கள் ரெட் டொட் வைக்கிறவை எண்டு கேள்விப்பட்டனான். ஒண்டு எண்டால் ஓகே. இதிலை ஏன் நாலு?"

எந்த வீடு என்று கேட்டேன். வெக்ஸ்போர்ட்டில் ஒரு தெருவின் பெயரைச் சொன்னான். இலக்கத்தை நான் கேட்கவில்லை. "பிறகு சொல்லுறன் தம்பி" என்று வைத்துவிட்டேன். சொல்வதற்கு வாய் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் ரொறன்ரோவுக்கு வந்தது 1983 இன் கடைசியில், தனியாக. மனைவி மலரும் ஒன்றரை வயது மகள் அபியும் யாழ்ப்பாணத்தில். முதல் வருடம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். பின்னேரங்களில் எரிவாயு வேலைக்கான வகுப்புக்குப் போனேன். சோதனையில் ஒரு தடவை தவறி, இரண்டாம் தடவை தேறினேன். 1985 வசந்தத்தில் வீட்டு அடுப்புகள் திருத்தும் ஒரு சின்னக் கொம்பனியில் சேர்ந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. தொழிலை எனக்குள் ஏற்றியவர் வோல்டர்.

வோல்டர் எங்கள் மேலாளர். ஆறடிக்கு மேல் உயரம், ஒல்லி. குரலை உயர்த்தியதே கிடையாது. ஒரு வீட்டுச் சமையலறைக்குள் போனதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பார். வீட்டுக்காரர் என்ன பேசினாலும் பதில் வராது. முதல் மூக்கு, பிறகு காது, பிறகு கண், கடைசியில்தான் கை என்பது அவருடைய ஒழுங்கு. நான் அவசரப்பட்டு ஏதாவது கைப்பிடியைத் தொட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். என் கையைப் பார்ப்பார். திட்டு வாங்குவதே அதைவிட நல்லது என்று தோன்றும்.

அந்தக் கால அடுப்புகளில் பைலற் என்று ஒன்று உண்டு. அடுப்பின் மேல் தட்டுக்குக் கீழே, எரிவளையங்களுக்கு நடுவில், இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும் சின்ன நீலச் சுடர். கைப்பிடியைத் திருப்பியதும் வளையம் பற்றிக்கொள்வது அந்தச் சுடரால்தான். பாதுகாப்புக்கு வேறு ஏற்பாடு கிடையாது. சுடர் அணைந்தால் வாயு மட்டும் மெல்ல மெல்லக் கசியும். தட்டுக்குக் கீழே தேங்கும். தெரியாமல் யாராவது நெருப்புக் குச்சி உரசினால் குப்பென்று பிடிக்கும்.

அணைந்த பைலற்றைக் கொளுத்துவதற்கு வோல்டரிடம் ஒரு முறை இருந்தது. யன்னலைத் திற. வாயுவை அடை. மேல் தட்டை உயர்த்தி நிறுத்து. பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் பேசவும் மாட்டார், பேச விடவும் மாட்டார். அதன் பிறகு தூரிகையால் துப்புரவாக்கி, மெல்லிய கம்பியால் துவாரத்தைக் குத்தி, வாயுவைத் திறந்து கொளுத்துவார். பல்குச்சியால் குத்தினால் நுனி முறிந்து உள்ளே இருந்துவிடும், குத்தாதே என்று நூறு தடவை சொல்லியிருப்பார். கடைசியாகத் திருகாணியால் சுடரின் உயரத்தைச் சரிசெய்வது. கூடினால் கரி பிடிக்கும். குறைந்தால் வாசல் கதவு திறக்கும் காற்றுக்கே அணைந்துபோகும்.

சுடர் சரியாக வந்ததும் வோல்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுப்பார். பெண்கள் பூசும் சிவப்பு நகப்பூச்சு. திருகாணியின் தலையில் பாதியும் பக்கத்து உலோகத்தில் பாதியுமாக ஒரு பொட்டு வைப்பார். பிறகு யாராவது ஆணியை அசைத்தால் பொட்டு இரண்டாகப் பிரிந்து நிற்கும். நானும் மருந்துக் கடையில் ஒரு போத்தல் வாங்கினேன். கடைக்காரப் பெண் என் விரல்களைப் பார்த்துவிட்டு மேலே பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த வருடம் ஐப்பசியில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு வீட்டில் வாயு மணக்கிறது என்று அழைப்பு வந்தது. போனால் எங்கள் ஆட்கள். தம்பிராசா அண்ணை ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மனைவி யோகம் அக்கா. ஐந்து வயதில் சுமதி என்றொரு மகள். அன்று காலைதான் குடிபுகுந்திருந்தார்கள். பால் காய்ச்சியிருக்கிறார்கள்.

"பொங்கி வழியத்தானே வேணும் தம்பி? அதுவும் கிழக்குப் பக்கமா வழியவேணும். கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சனான்" என்றா அக்கா.

அடுப்பு வடக்குச் சுவரோடு இருந்தது. இடப்பக்க வளையத்தில் வைத்த பானையைக் கிழக்கே சரித்தால் பால் நேரே நடுவில் பைலற்றின் தலையில்தான் இறங்கும். இறங்கியிருந்தது. தட்டைத் தூக்கிப் பார்த்தால் பால் காய்ந்து மஞ்சள் ஆடையாகக் கிடந்தது. ஐந்து நிமிடம் கதிரையில் உட்கார்ந்தேன். சுமதியும் ஒரு கதிரையை இழுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை முடிந்து முதலாவது பொட்டை வைத்தபோது, "அடுப்புக்கும் பொட்டோ?" என்று கேட்டாள். அண்ணை சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன். அதற்கு முன் நான் எப்போது சிரித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

சாப்பிடாமல் விடவில்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. நான் குடியிருந்த அறையில் ஒற்றைச் சுருள் மின்னடுப்பு ஒன்றுதான். ஊரார் அடுப்பையெல்லாம் மூட்டிவிட்டுப் போய் அதில் பாண் துண்டைச் சுட்டுத் தின்பவன் நான். அன்றைக்கு மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

"நேரம் கிடைக்கேக்கை வாங்கோ தம்பி" என்று வாசலில் சொன்னார்கள்.

இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வாங்கோ என்பார்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று ஒருவரும் சொல்வதில்லை. பொய்யாகச் சொல்வதும் இல்லை. இரண்டு வேலை, பனி, பஸ். அவரவர் பாடு அவரவர்க்கு. ஆனால் நாள் சொல்லாத அழைப்பை நம்பி ஒருவன் எப்படிப் போய்க் கதவைத் தட்டுவது? இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். கையில் கருவிப் பை இருந்தால் எந்தக் கதவையும் தட்டுவேன். வெறுங்கையோடு முடியவில்லை.

வேலைச் சீட்டில் "பால் பொங்கி வழிந்தது" என்று எழுதியிருந்தேன். வோல்டர் அதைப் பற்றி விசாரித்தார். விளக்கினேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, வேண்டுமென்றே வழிய விடுவார்களா என்று கேட்டார். ஆம் என்றேன். அப்படியானால் வேறு நாட்களிலும் செய்வார்களா என்றார். தைப்பொங்கலைச் சொன்னேன். நாட்காட்டியில் அந்த நாளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, பக்கத்தில் "பால்" என்று ஆங்கிலத்தில் எழுதினார். அவர் கேலி செய்யவில்லை. தொழிலுக்கு வேண்டிய தகவல் அவருக்கு.

1986 தைப்பொங்கலன்று வோல்டர் என்னைத் தமிழ் வீடுகளுக்கென்றே ஒதுக்கி வைத்தார். காலையிலிருந்து ஐந்தாறு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் வெல்லம் உருகும் மணம், புதுச் சட்டையோடு பிள்ளைகள், அணைந்த பைலற். எல்லா இடத்திலும் ஒரு கரண்டி பொங்கல் புக்கை தந்தார்கள். எல்லா இடத்திலும் "நிண்டு சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்கள். எல்லா இடத்திலும் அடுத்த வீடு காத்திருந்தது. கடைசி வீடு தம்பிராசா அண்ணையுடையது.

அங்கேயும் பால்தான். துடைத்துக் கொளுத்தினேன். முன்னறையில் அண்ணை சுமதியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏதோ தேவாரத்தைப் பிழையாகப் பாடிக்கொண்டிருந்தார். அக்கா பிழை பிடித்துக்கொண்டிருந்தா. அபிக்கு அப்போது நாலு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேலை முடிந்துவிட்டது, இனி இந்த வீட்டுக்கு நான் வர அடுத்த தை வரை ஒரு காரணமும் கிடையாது என்று நினைத்தேன்.

திருகாணியைக் கால் சுற்றுக் குறைத்தேன்.

கை தவறவில்லை. யோசிக்காமல் செய்தேன் என்றும் சொல்லமாட்டேன். சுடர் பாதியாகச் சுருங்கியதைப் பார்த்தேன். அதன்மேல் இரண்டாவது பொட்டையும் வைத்தேன். தட்டை மூடினேன். புக்கை சாப்பிட்டேன்.

மாசி நடுவில் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வண்டியில் போகும்போது எனக்கு இருந்த சந்தோசத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியில் தலையைச் சீவினேன்.

"இந்த முறை நான் பாலே பொங்க விடேல்லை தம்பி. ஏன் அணைஞ்சதெண்டு விளங்கேல்லை" என்றா அக்கா.

"பழைய பால் உள்ளுக்குக் காஞ்சு கிடந்திருக்கும் அக்கா. பொங்கலண்டு கனக்க வழிஞ்சதெல்லோ" என்றேன்.

தம்பிராசா அண்ணை மேசையிலிருந்தே சொன்னார்: "நான் அண்டைக்கே சொன்னனான், அளவா விடு எண்டு. கேட்டால்தானே."

நான் ஆணியைக் கொஞ்சம் கூட்டி, ஆனால் சரியான அளவுக்கு வராமல் விட்டு, மூன்றாவது பொட்டு வைத்தேன். சீட்டில் "பால்" என்று எழுதினேன். அன்றைக்கு இடியப்பமும் சொதியும். இரண்டு மணித்தியாலம் இருந்தேன். மலரையும் பிள்ளையையும் கூப்பிடும் கதை வந்தது. விண்ணப்பம் தயார், கொம்பனியிலிருந்து நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று வேண்டும், வோல்டர் கையெழுத்துப் போட்டால் அனுப்பவேண்டியதுதான் என்றேன். "அவை வந்தவுடனை முதல் சாப்பாடு இஞ்சைதான்" என்றா அக்கா. அதுதான் நாள் சொல்லிக் கிடைத்த முதல் அழைப்பு.

பங்குனி முடிவில் ஒரு காலை, நான் மார்க்கம் நகரில் ஒரு வீட்டில் நின்றபோது அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: வெக்ஸ்போர்ட்டுக்கு உடனே வா, வோல்டர் அங்கே நிற்கிறார்.

பைலற் எப்போதோ அணைந்திருக்கிறது. அக்காவுக்கு அன்று தடிமன், மூக்கடைத்து மணம் தெரியவில்லை. வளையம் பற்றவில்லை என்று நெருப்புக் குச்சியை உரசியிருக்கிறா. தட்டுக்குக் கீழே தேங்கி நின்ற வாயு மொத்தமாகப் பிடித்தது. நான் போனபோது வலது கை முழங்கை வரை ஈரத் துணியால் சுற்றியிருந்தது. இரண்டு புருவமும் இல்லை. முன்தலை மயிர் கருகியிருந்தது. சுமதி வழக்கமாகக் கதிரையில் ஏறி அடுப்படியில் நிற்கிறவள். அன்று தொலைக்காட்சி அவளை முன்னறையில் வைத்திருந்தது. அது ஒன்றுதான் நடந்த நல்லது.

அண்ணை காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது அக்கா என்னைப் பார்த்துச் சொன்னா:

"என்ரை பிழைதான் தம்பி. நேற்றும் பால் கொஞ்சம் வழிஞ்சிருக்குமோ தெரியாது. உங்களுக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாது."

வோல்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். ஐந்து நிமிடம் முடிந்திருந்தது. தட்டு உயர்த்தி நின்றது. என்னை வரச்சொல்லித் தலையசைத்தார். உள்ளே ஒரு விரலால் தடவி அந்த விரலை எனக்குக் காட்டினார். சுத்தமாக இருந்தது. பால் இல்லை, பாலின் கறையும் இல்லை. பிறகு கைவிளக்கைத் திருகாணிக்கு நேரே பிடித்தார். மூன்று பொட்டு. ஒன்று சரியான இடத்தில் பிரிந்து நின்றது. மற்ற இரண்டும் வேறு வேறு இடத்தில். மூன்றும் என் போத்தலின் சிவப்பில். அவருடைய சிவப்பு கொஞ்சம் கறுத்தது.

"எத்தனை தடவை?" என்று மட்டும் கேட்டார்.

"இரண்டு."

"ஏன்?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இருந்தது. இங்கே வருவதற்கு எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை என்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடம் அப்படியே போயிருக்கும்.

பிறகு திருகாணிச் சாவியை என் கையில் தந்தார். கொளுத்தி, உயரத்தைச் சரிசெய்து, நாலாவது பொட்டை வைத்தேன். அது கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. படத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

வாசலில் வைத்து வோல்டர் இரண்டு விடயம் சொன்னார். நடந்ததை அப்படியே அறிக்கையில் எழுதுவார். அறிக்கை இவர்கள் கைக்கு வரமுன் நானே இவர்களிடம் சொல்லிவிடவேண்டும்.

அடுத்த நாள் பின்னேரம் போனேன். கருவிப் பை இல்லாமல். அக்கா கட்டுப்போட்ட கையோடு, இடக் கையால் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டா. "கடிதம் கிடைச்சதோ தம்பி?" என்றுதான் முதலில் கேட்டா. நான் சொல்லத் தொடங்கினேன். பொங்கலன்று செய்தது, மாசியில் செய்தது, பால் என்று பொய் சொன்னது. எல்லாம் சொல்லி முடிய நாலைந்து வசனத்துக்கு மேல் எடுக்கவில்லை.

தம்பிராசா அண்ணை என்னைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா நான் இவளைத்தான் ஏசினனான்" என்றார். "நேற்று ஆஸ்பத்திரியிலையும் ஏசினனான். கை வெந்துபோய்க் கிடக்கேக்கை."

"அண்ணை, நான்..."

"எழும்புங்கோ."

எழுந்தேன். அக்கா வாசல் வரை வந்தா. கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சும்மா வந்திருக்கலாமே தம்பி" என்றா. "சும்மா வந்து கதவைத் தட்டியிருக்கலாமே."

கதவு சாத்திக்கொண்டது. தேத்தண்ணி மேசையில் அப்படியே இருந்தது.

கொம்பனி முதலாளி என்னை அன்றே நிறுத்தச் சொன்னாராம். வோல்டர் விடவில்லை. ஆனால் வீடுகளுக்குப் போகும் வேலையை எடுத்துவிட்டார். பட்டறையின் பின்பக்கத்தில், பழைய அடுப்புகளைப் பிரித்துத் துப்புரவாக்கும் மேசைக்கு என்னை மாற்றினார். கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். நம்பிக்கையான ஊழியர் என்று இதில் இருக்கிறது, இன்று என்னால் இதில் கையெழுத்துப் போட முடியாது, ஒரு வருடம் கழித்துக் கொண்டு வா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன்? அவர் மேல் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

ஒரு வருடம் யன்னலில்லாத அந்தப் பின்பக்கத்தில் இருந்தேன். ஒருநாளைக்குப் பேசிய வார்த்தைகளைக் கைவிரலில் எண்ணலாம். 1987 வசந்தத்தில் வோல்டர் கேட்காமலே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பத்திரங்கள் போய்ச் சேர்ந்து நகரத் தொடங்கும்போது அந்த வருட ஐப்பசி வந்துவிட்டது, இந்திய இராணுவத்தின் சண்டையோடு. அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மலரும் அபியும் ஒரு கோயில் மண்டபத்தில் மூன்று கிழமை தரையில் படுத்திருக்கிறார்கள். அவ்வளவு நாளும் எனக்கு ஒரு செய்தியும் இல்லை. ஒரு கால் சுற்று. அதை நான் திருப்பாமல் இருந்திருந்தால் அவர்கள் அந்த ஐப்பசியில் என்னோடு இருந்திருப்பார்கள். இதை மலருக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அறியப்போகிறாள்.

1988 கோடையில் அவர்கள் வந்தார்கள். ஒரு சின்ன வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தேன். எரிவாயு அடுப்பு இருந்தது. முதல் நாளே தட்டைத் தூக்கிச் சுடரைச் சரிசெய்து பொட்டும் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுவதாக முடிவு.

"ஆரைக் கூப்பிடுறது?" என்று மலர் கேட்டாள். "அஞ்சு வருசம் இஞ்சை இருக்கிறியள். தெரிஞ்ச ஆக்கள் இருப்பினம்தானே."

தெரிந்த அடுப்புகள் நிறைய இருந்தன. ஆட்கள் என்று நினைத்தால் ஒரு வீடுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு இலக்கத்தைச் சுழற்றினேன். யோகம் அக்காதான் எடுத்தா. பெயரைச் சொன்னேன். வைத்துவிடப்போகிறா என்ற பயத்தில் விறுவிறென்று சொன்னேன்:

"அக்கா, மனிசியும் பிள்ளையும் வந்திட்டினம். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுறம். காலமை பத்து மணி. நீங்கள் மூண்டு பேரும் வரவேணும்."

நாளும் மணியும் சொல்லி நான் ஒருவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் பின்னால் சுமதியின் குரல், கொஞ்சம் வளர்ந்திருந்தது. பிறகு அக்கா ஆறுதலாகச் சொன்னா:

"எங்கடை அடுப்பு இப்ப நல்லா எரியுது தம்பி."

தொலைபேசி வைக்கப்பட்டது.

"என்னவாம்?" என்று மலர் கேட்டாள்.

"ஞாயிறும் வேலையாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தொடங்காமல் பத்தரை வரை சாட்டுச் சொல்லிக் காத்திருந்தேன். பிறகு பால் பொங்கியது. மலர் பானையைக் கிழக்கே சரித்தாள், அபி கை தட்டினாள், பைலற் அணைந்தது. யன்னலைத் திறந்து, வாயுவை அடைத்து, தட்டை உயர்த்திவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என்ன செய்கிறேன் என்று அபி கேட்டாள். ஐந்து நிமிடம் பேசக்கூடாது என்று வாயில் விரலை வைத்துக் காட்டினேன். மேசையில் ஆறு கோப்பை இருந்தது. அதில் மூன்றை மலர் எடுத்து அலுமாரிக்குள் திரும்ப வைத்தாள்.